ஏழு ‘இல்லை’கள் போன இடம்

‘இந்த நிலம் விற்பனைக்கு’

சாலையோரப் பலகையில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. பிழை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“வாக்கியம் முடியல மேடம். நடுரோட்டுல பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி நிக்குது.”

“முடிஞ்ச வாக்கியம்தான். முடிவை யாரோ அறுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார் டேப் மேடம், பலகையின் வலது ஓரத்தை விரலால் தடவியபடி.

பிழைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினோரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியதில் தொழிலே பெயராகிவிட்டது. டேப் மேடம் நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் நிலையம் திறந்தார். இடுப்பில் எப்போதும் ஓர் எஃகு டேப் தொங்கும். அந்த வட்டாரத்தில் அவர் அளக்காத வரப்பு கிடையாது. இப்போது அந்த வரப்புகளில் பாதி வரவேற்பறைகளுக்கு அடியில் கிடந்தன.

நகரத்துக்கு இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்பது பழைய பேச்சு. நகரமே கிளம்பி இங்கே வந்துகொண்டிருந்தது. அவர்களைக் கூப்பிட்டிருந்த பெரியவரின் நான்கு ஏக்கரைச் சுற்றி மூன்று பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். களம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம். முன்பும் அங்கிருந்து பெருமூச்சுச் சத்தம்தான் வரும், இப்போதும் அதுதான்.

பெரியவர் என்றால் வயதில் அல்ல; அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர், அதனால் பெரியவர். ஐம்பது வயது, முறுக்கேறிய கைகள், அதைவிட முறுக்கேறிய முகம்.

“ஒண்ணு போக ஒண்ணுன்னு ஏழு பலகைம்மா” என்றார். “ஏழும் ‘இந்த நிலம் விற்பனைக்கு இல்லை’ன்னு எழுதி வச்சது. விடிஞ்சதும் காயை ஏத்திக்கிட்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போறேன். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தா ‘இல்லை’யை மட்டும் காணோம்!”

“மீதியை ஒண்ணும் பண்ணலையா?”

“தொடலை.”

“ரொம்ப நாகரிகமான திருடன். தேவையானதை மட்டும் எடுத்திருக்கான்” என்றான் பிழை.

பெரியவர் அவனை முறைத்தார். “உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. தினம் கார் கார்னு வந்து நிக்கறானுங்க. ஏக்கர் என்ன விலைங்கறான். நீச்சல் குளத்துக்குத் தண்ணி வருமாங்கறான். ஒருத்தன் நான் நிக்கிற இடத்தைக் காட்டி, இங்கதான் எங்க படுக்கையறைன்னு அவன் சம்சாரத்துக்கிட்ட சொல்றான். நான் நகரணுமா நிக்கணுமான்னு தெரியல!”

“யார் மேல சந்தேகம்?” டேப் மேடம் கேட்டார்.

“சந்தேகம் என்ன சந்தேகம். என் தம்பிதான்.”

வயலின் கிழக்கு வேலியில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்கு அப்பால் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. தம்பி தன் பங்கை இரண்டு வருடத்துக்கு முன் வீடு கட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பட்டறை போட்டிருந்தார். புது வீடுகளின் கதவும் ஜன்னலும் அங்கேதான் பிறந்தன.

“என் பங்கையும் வித்துட்டா மொத்தமா ஒரு தெரு விழும். அவனுக்கு இன்னும் நூறு கதவு செய்யலாம். ரம்பமும் அவன்கிட்டத்தான் இருக்கு. போதாதா? மூணு மணிக்குக் கொத்தனார் வர்றார். அந்தக் கதவை எடுத்துட்டுச் செங்கல் வச்சு அடைக்கப் போறேன். அதுக்கு முன்னாடி, அவன் மூஞ்சிக்கு நேரா காட்ட எனக்கு ஒரு அத்தாட்சி வேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர்ச் செம்புடன் அவர் மனைவி வந்தார். தம்பிக்கு அவர் அண்ணி. தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் முழுவதற்கும் அவர் அண்ணிதான்.

“கண்டுபிடிச்சிருவீங்களாம்மா?” என்று கேட்டார், செம்பை நீட்டியபடி.

“கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கோம்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“மூணு மணிக்குள்ள முடிக்கணுமாமே.”

அண்ணி உள்ளே போனார். செம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

“எங்கேர்ந்து ஆரம்பிக்கிறோம் மேடம்?” பிழை செம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான்.

“பணத்தைத் திருடினவன் செலவு பண்ணுவான். நகையைத் திருடினவன் அடகு வைப்பான். ‘இல்லை’யைத் திருடினவன் என்ன பண்ணுவான்? அதைத் தேடுவோம்.”

*

முதல் ‘இல்லை’ பத்தே நிமிடத்தில் கிடைத்தது. வீட்டுக் குடியிருப்பின் முனையில் இருந்த பால் பூத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

பூத்தின் நெற்றியில் ‘பால்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு ஆணிகளில், பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகைத் துண்டு: ‘இல்லை’.

பிழை மேடத்தின் காதருகே குனிந்தான். “அதே கையெழுத்து மேடம். அந்த ‘லை’யோட கொம்பைப் பாருங்க, பலகையில இருந்த ‘னை’ மாதிரியே யானைத் தும்பிக்கை. ரெண்டும் ஒரே பெயின்டர் கை.”

“தம்பி, இந்தப் பலகை எங்க வாங்கினீங்க?” மேடம் கேட்டார்.

பால்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். “வாங்கலீங்க, கிடைச்சது. ஒன்பது மணிக்குப் பால் தீர்ந்துடும். அதுக்கப்புறம் நூறு பேருக்கு நூறு தடவை இல்லை இல்லைன்னு சொல்லி எனக்குத் தொண்டை கட்டிக்கும். இதை மாட்டினதிலேர்ந்து குரல் நல்லா வந்திருச்சு. பாட்டெல்லாம் பாடறேன்.”

“பாட வேணாம்” என்றான் பிழை அவசரமாக. “எங்க கிடைச்சது?”

“தச்சுப் பட்டறை வாசல்ல. கழிவுக் கட்டை கொட்டற குவியல்ல. யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காரே.”

இரண்டாவது ‘இல்லை’ முடிதிருத்தும் கடையில் இருந்தது. வாசலில் ‘இன்று விடுமுறை’ என்ற பலகை ஓய்வின்றித் தொங்கும். கடை திறந்திருக்கும் நாட்களில் பக்கத்தில் ‘இல்லை’யைச் சாய்த்து வைத்துவிடுவாராம். அதுவும் அதே குவியல்.

மூன்றாவது, குடியிருப்பின் வாயிற்காவலரிடம். ‘வெளியாட்களுக்கு அனுமதி’ என்று மட்டும் எழுதி, மீதியை எழுத இடம் போதாமல் விட்டுவிட்டார்களாம். ஒரு வருடமாக வெளியாட்கள் அதைக் காட்டியே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“இப்பத்தாங்க எனக்கு வேலையே வந்துச்சு” என்றார் காவலர், ‘இல்லை’யைத் தட்டிக் கொடுத்து.

“உங்க நாற்காலியிலேர்ந்து வயல் நல்லாத் தெரியுமே” என்றார் டேப் மேடம். “காலையில அங்கே என்ன நடக்குது?”

“கார் வரும். நிலம் கேட்டு வருவாங்க. கொஞ்ச நேரம் நிப்பாங்க, போவாங்க.”

“கோபமாவா?”

காவலர் யோசித்தார். “அதென்னமோ தெரியலீங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் போவாங்க.”

மேடம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல நடந்தார். “பிழை, இல்லாத நிலத்தைக் கேட்டு வந்தவங்க சிரிச்சுக்கிட்டு ஏன் போகணும்?”

“எங்க அச்சகத்துல சம்பளம் இல்லைன்னு சொன்னப்போ நாங்க யாரும் சிரிக்கலை மேடம்.”

“அதான் கேக்கறேன்.”

*

தச்சுப் பட்டறைக்குள் மரத்தூள் மணத்தது. சுவரில் சாய்த்த பன்னிரண்டு கதவுகள் வீடு கிடைக்காத விருந்தாளிகள் போல நின்றன. பெரியவரின் முகத்தில் முறுக்கை எடுத்துவிட்டு மரத்தூளைத் தூவினால் சின்னவர்.

வந்த விஷயத்தை மேடம் சொன்னார். சின்னவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். கண்கள் ஒரு நொடி வேலிக் கதவுப் பக்கம் போய் வந்தன.

“நான்தான்” என்றார்.

பிழை திறந்த நோட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். “கேள்வியே இன்னும் கேக்கலீங்களே!”

“கேட்டாலும் அதான் பதில். ஏழையும் நான்தான் அறுத்தேன். அண்ணன்கிட்ட சொல்லிக்கோங்க.”

“கதவை அடைக்கப் போறாரு, தெரியுமா?”

“அடைக்கட்டும். அவர் வேலி, அவர் கதவு.”

“ஏன் அறுத்தீங்க?”

“அது… சும்மா. ஒரு கோபம்.”

வழக்கு முடிந்தது என்று பிழை நோட்டை மூடினான். மேடம் வழக்கை மூடவில்லை. கழிவுக் குவியலில் குனிந்து, மிச்சமிருந்த ஒரு ‘இல்லை’யைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இது நீங்க அறுத்ததுதானே?”

சின்னவர் பலகையைப் பார்த்தார். அறுத்த விளிம்பு மேலிருந்து கீழே நேராக வரவில்லை. பாதி வழியில் இடது பக்கம் போய், மனம் மாறி வலது பக்கம் வந்து, கடைசியில் சலித்துப்போய் முறித்துவிட்டது போல முடிந்திருந்தது. சின்னவரின் முகம் புளியங்காயைக் கடித்த மாதிரி சுருங்கியது.

“ஆ… ஆமா.”

“உங்க கை வேலைதானே? வெளியில அப்படியே சொல்லிடலாமில்ல? பட்டறைக்குக் கதவு செய்யச் சொல்லி வர்றவங்ககிட்டயும் காட்டலாம்…”

“வேணாம்!” என்று பதறினார் சின்னவர். அவர் அறியாமலே கை நீண்டு உப்புத்தாளை எடுத்து அந்த விளிம்பைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. இரண்டு இழுப்புக்குப் பிறகுதான் தான் செய்வதை உணர்ந்து நிறுத்தினார்.

மேடம் சிரித்தார். “பொய் சொல்ல உங்க வாய் ஒத்துக்குது. கை ஒத்துக்க மாட்டேங்குது. யாரைக் காப்பாத்தறீங்க?”

சின்னவர் உப்புத்தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“உங்க ரம்பத்தை யாராவது இரவல் வாங்குவாங்களா?”

“என்கிட்ட இனிமே எதுவும் கேக்காதீங்கம்மா. நான்தான்னு எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே மரம் மட்டும்தான் பேசியது.

*

மணி இரண்டரை. சாலையோரம் நிற்கும் ஏழாவது பலகை போக, கெட்டுப்போன மற்ற ஆறையும் பெரியவர் கருவிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். மேடம் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பி, டேப்பை இழுத்தார். வெளியே செங்கல் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொத்தனார் நேரம் தவறாதவர்.

“பிழை, முதல் பலகையில எழுத்தைப் பாரு.”

“‘விற்பனைக்’ வரைக்கும்தான் இருக்கு. ‘கு’வும் சேர்ந்து போயிருச்சு. ஓரம் அறுத்த மாதிரியும் இல்லை, மோதி உடைஞ்ச மாதிரி இருக்கு.”

“ரெண்டாவது?”

“இது அறுத்தது. ‘கு’ பாதி இருக்கு. காது அறுந்த ஆடு மாதிரி.”

“மூணாவது?”

“முழுசா இருக்கு. ‘கு’வுக்கு அப்புறம் ரெண்டு விரல் இடம் வேற மிச்சம். நாலாவதுல நாலு விரல்.” பிழையின் குரல் மாறியது. அச்சகத்துக் கண்கள் விழித்துக்கொண்டன. “அஞ்சாவதுல ஒரு சாண்! மேடம், இப்படி ஒரு இடைவெளி விட்டு எந்தப் பெயின்டரும் எழுத மாட்டான். ரம்பம் போறதுக்குன்னே தெரு விட்டிருக்காங்க!”

“கால்களையும் பாரு. ரெண்டு கம்பமும் ‘இந்த நிலம் விற்பனைக்கு’ங்கறதுக்கு அடியில இருக்கு. ‘இல்லை’ மட்டும் அந்தரத்துல நின்னிருக்கு. அறுத்தாலும் பலகை சாயக் கூடாதுன்னு முன்கூட்டியே யாரோ யோசிச்சிருக்காங்க.” மேடம் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “ஐயா, இந்தப் பலகையெல்லாம் பெயின்டர்கிட்ட எழுதச் சொல்லிக் கொடுத்தது யாரு?”

“எனக்கு ஏது நேரம்? வீட்ல அவதான்…” என்று ஆரம்பித்த பெரியவர் பாதியில் நிறுத்தினார்.

“கம்பம் நடும்போது?”

“நான் அடிப்பேன். அவ பிடிச்சுக்கிட்டு, இங்க அடிங்க, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்னு…” பெரியவரின் வாய் மூடவில்லை.

சாலையில் ஒரு வெள்ளைக் கார் பிரேக் போட்டது. கண்ணாடி போட்ட கணவனும், கைக்குழந்தையோடு மனைவியும் இறங்கி, பலகையைப் படித்துவிட்டு வரப்பில் இறங்கினார்கள். பெரியவர் வழக்கம்போல் பாய்ந்தார். மேடம் அவர் கையைப் பிடித்துக் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார்.

“சத்தம் போடாதீங்க. இன்னைக்கு ஒரு தடவை நீங்க ஊர்ல இல்லைன்னு நெனச்சுக்கோங்க.”

அண்ணி வீட்டிலிருந்து வந்தார். இடுப்பில் ஒரு கூடை.

“வாங்க வாங்க. வெயில்ல நிக்காதீங்க, குழந்தைக்கு ஆகாது. இப்படி நிழலுக்கு வாங்க.”

“நிலம் விஷயமா…” என்றான் கணவன்.

“நிலமா? அது கொடுக்கறதா இல்லீங்களே. பலகை உடைஞ்சு போச்சு. பாவம், எவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தீங்களோ.” அண்ணி உண்மையாகவே வருத்தப்பட்டார். “வந்தது வந்தீங்க, வெறுங்கையோட போகலாமா? கத்தரிக்காய் இப்பப் பறிச்சது. காம்பைத் தொட்டுப் பாருங்க, முள்ளு குத்தும். கடையில வாங்கறது குத்துமா?”

மனைவி தொட்டுப் பார்த்தாள். குத்தியது. மகிழ்ந்து போனாள்.

“வெண்டைக்காய் வேணும்னா நீங்களே ஒடிச்சுக்கலாம். குழந்தை கையில ஒண்ணு கொடுங்க, ஒடிக்கட்டும்.”

குழந்தை ஒடித்தது. டப் என்ற சத்தத்துக்கு ஒரு சிரிப்பு. கால் மணி நேரத்தில் கணவன் இரண்டு பை நிறையக் காயோடும், மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவையும் கூட்டி வருவதாகச் சொல்லிக்கொண்டும் காரில் ஏறினார்கள். வீட்டுமனை வாங்க வந்தது இருவருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

“சிரிச்சுக்கிட்டே போறாங்க மேடம்” என்றான் பிழை மெல்ல.

*

பெரியவர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். அண்ணி அவரைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். தப்பி ஓட நினைக்கவில்லை.

“நீயா?”

“நான்தான்.”

“ஏழுமா?”

“ஆறு. உங்க தம்பிகிட்ட ரம்பம் வாங்கி அறுத்து, துண்டை அவர் குவியல்லயே போட்டேன். முதல் பலகையை ஜல்லி லாரிதான் பின்னால வந்து இடிச்சது. அன்னைக்கு ஒன்பது கார் வந்துச்சு. வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லி அனுப்ப ஒரு மாதிரியா இருந்துச்சு. அடுப்படியில இருந்த சுரைக்காயைக் கொடுத்தேன். இன்னும் இருக்கான்னு கேட்டாங்க.” அண்ணி மூச்சு வாங்கினார். “அடுத்த நாள் நீங்க புதுப் பலகை வச்சீங்க. ஒருத்தரும் வரல.”

“காய் விக்கணும்னா, காய்னு எழுதி வைக்க வேண்டியதுதானே?” என்றான் பிழை.

“வச்சேன் தம்பி. ‘புதுக் காய்கறி’ன்னு அட்டையில எழுதி வச்சேன். ஒரு வண்டி நிக்கல. இங்க நிலம்னு எழுதினாத்தான் காருக்கு பிரேக் பிடிக்குது. அந்த அட்டையையும் இவர் கிழிச்சுப் போட்டாரு.”

“என் வயல்ல நான் கடை போட்டு உக்காரணுமா? இவனுங்களுக்கு?” பெரியவரின் குரல் உயர்ந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“சொன்னா விடுவீங்களா? கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சே, புதுசு எப்படி வந்துச்சு?”

“உங்க அம்மா வீட்ல கொடுத்தாங்கன்னு சொன்னே!”

“சொன்னேன்.”

கொத்தனார் வண்டியில் சாய்ந்தபடி, இந்த மாதிரி வேலைக்குத் தினமும் வரலாம் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி. அதுக்காக விற்பனைக்குன்னு எழுதி வைப்பியா? இந்த நிலம் கைவிட்டுப் போகக் கூடாதுன்னுதானே நான் அந்தப் பலகையே வச்சேன்!”

அண்ணி முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார். “நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், மார்க்கெட்லேர்ந்து பாதி காயைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினீங்க. கொட்டிட்டு என்ன சொன்னீங்க? இந்தப் போகமும் இப்படியே போனா கொடுத்துட வேண்டியதுதான்னு. யார்கிட்டயும் சொல்லல. மாட்டுக்கிட்ட சொன்னீங்க. நான் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.”

பெரியவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பலகையில இல்லைன்னு எழுதிட்டு மனசுல விலை போட்டுக்கிட்டிருந்தது நீங்க. நான் பலகையில அறுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.” அவர் வேலிக் கதவைப் பார்த்தார். “உங்க தம்பி மேல பழி போகும்னு நான் நினைக்கல. நேத்துத்தான் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டீங்க. என் வாயால சொல்ல வரல. இந்தம்மா கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னு இருந்தேன். நல்லவேளை, மூணு மணிக்குள்ள முடிச்சிட்டாங்க.”

டேப் மேடம் சின்னவர் சொன்னதைச் சொன்னார். பழியை ஏற்றுக்கொண்டதையும், கதவை அடைக்கட்டும் என்றதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

பெரியவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு வேலிக் கதவை நோக்கி நடந்தார். கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் கிளம்பினார். பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. பட்டறையில் இழைப்புச் சத்தம் நின்றது.

அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பாரா என்று பிழை கழுத்தை நீட்டிப் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஏன்டா” என்றார் பெரியவர். “ரம்பம் கொடுக்கத் தெரிஞ்சவனுக்கு, உங்க அண்ணிக்கு நேரா அறுக்கச் சொல்லிக் கொடுக்கத் தெரியலையா? ஊர் பூரா நம்ம மானம் கோணலாத் தொங்குது.”

“எத்தனையோ தடவை சொன்னேண்ணே” என்றார் சின்னவர். “கேக்க மாட்டேங்கறாங்க. அவசரம். நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணுமாம்.”

பெரியவரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. சின்னவர் அருகில் வந்து, அண்ணன் சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டார். ஒட்டவைத்ததும் அவர் கைதான். அண்ணி ஓட்டமும் நடையுமாக அந்தப் பக்கம் போனார்.

மறுபடி ஒரு கார் நின்றது. இந்த முறை இறங்கியவர் தனி ஆள். தொப்பை, வெயில் கண்ணாடி, கையில் இரண்டு போன்.

“ஹலோ! ஓனர் யாருங்க?” என்று வரப்பிலிருந்தே கூவினார்.

அண்ணி திரும்பினார். பெரியவர் கையமர்த்திவிட்டுத் தானே நடந்து வந்தார். முகத்தில் பழைய முறுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிழை மேடத்தின் பின்னால் ஒதுங்கினான்.

“என்ன விலை சொல்றீங்க?” என்றார் வந்தவர்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வயலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்; ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். பிறகு குனிந்து, இலைக்கடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயைப் பறித்து, வேட்டியில் துடைத்து, இரண்டாக உடைத்து ஒரு பாதியை நீட்டினார்.

“விலையை அப்புறம் பேசுவோம். மொதல்ல இதைக் கடிச்சுப் பாருங்க.”